மூன்றாவது சென்சாரும் போச்சு

அரூரில் தீர்த்தமலை ரோட்டில் கார் பட்டறை வைத்திருக்கும் மாதவராஜுக்குப் பிடிக்காத விஷயங்கள் இந்த உலகத்தில் ஏராளம். சர்க்கரை போட்ட டீ பிடிக்காது. ஹாரன் அடித்துக்கொண்டே பட்டறைக்குள் நுழைகிறவர்களைப் பிடிக்காது. "சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று சொல்கிறவர்களைக் கண்டால் கையிலிருக்கும் ஸ்பேனரைத் தொப்பென்று போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் கொஞ்ச நாளாக இவை அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு பழைய வெள்ளைக் கார் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கார் மூன்றாவது தடவையாகப் பட்டறை வாசலில் வந்து நின்ற காலையில், வாயிலிருந்த டீயை அப்படியே துப்பிவிட்டார் மனுஷன்.

காரிலிருந்து அதன் சொந்தக்காரர் தங்கராஜ் இறங்கினார். என்ன கோளாறு என்று அவர் சொல்லவேண்டிய தேவை இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் கரும்புகை. பெட்ரோல் நாற்றம் எதிர் டீக்கடை வரைக்கும் அடித்தது.

"என்னாப்பா இது?"

"அதேதாங்கண்ணா."

"அதேதான்னா?"

"அதேதான்."

மாதவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். லேசாக அல்ல, சத்தம் கேட்கும்படி.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கரும்பும் மஞ்சளும் போடுகிற குடும்பம் அவருடையது. அப்பா இவரை வயலில் இறக்கப் பார்த்தார். இவரோ கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரும்ப மாட்டியபோது ஒரு நட்டு மிச்சமாகக் கையில் இருந்தது. அதற்கு அப்பாவிடம் வாங்கிய அடியில்தான், இனி எதைப் பிரித்தாலும் ஒரு நட்டுகூட மிச்சம் வைப்பதில்லை என்று முடிவு செய்தார். சேலத்தில் லாரிப் பட்டறையில் வேலை பழகி, அரூருக்கு வந்து சொந்தமாக ஷெட் போட்டு, தலை நரைத்தும்விட்டது. கோபம் மட்டும் நரைக்கவில்லை. ஊரிலுள்ள கார்களெல்லாம் சீராக ஓடும். அவர் வீட்டு ஃபேன் மட்டும் கிறீச் கிறீச்சென்று கத்தும். "ஏங்க, அந்த ஃபேனுக்கும் நாலு சக்கரம் மாட்டிக் கொண்டாந்து பட்டறையில நிறுத்தட்டுமா, அப்பவாச்சும் பாப்பீங்களா?" என்று அவர் மனைவி அமுதவல்லி கேட்காத நாளில்லை.

அவரிடம் ஒரு வைராக்கியமும் உண்டு. மஞ்சள் விளக்கு எரிகிற காரை அவர் பட்டறையிலிருந்து வெளியே விடமாட்டார். மற்ற இடங்களில் அந்த பல்பையே பிடுங்கிவிட்டு "சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்பார்களாம். அந்தப் பேச்சை எடுத்தாலே இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "விளக்கு எரிஞ்சா வண்டி என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம். அது வாயப் பொத்துறதுக்கு நீ எதுக்குடா மெக்கானிக்கு?" என்று கத்துவார்.

இப்போது அந்த வெள்ளைக் கார் என்ன சொல்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். சைலன்சருக்குப் போகும் குழாயில், இன்ஜினை ஒட்டினாற்போல், மூக்கை நுழைத்து உட்கார்ந்திருக்கும். எரிந்து வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மோந்து பார்த்து காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. மிச்சம் அதிகமென்றால் பெட்ரோல் போதவில்லை, கூட்டு என்று அர்த்தம். மிச்சம் இல்லையென்றால் குறை என்று அர்த்தம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தச் சனியன் பிடித்த மூக்கு கெட்டுப்போனால் சும்மா இருந்து தொலைக்காது. பொய் சொல்லும். பெட்ரோல் போதவில்லை, போதவில்லை என்று அது அரற்ற, அந்தக் கம்ப்யூட்டரும் அதை நம்பி ஊற்று ஊற்றென்று ஊற்றும். பிளக்குகள் கரி பிடிக்கும். மலையிறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த நிமிஷம் இன்ஜின் நின்றுபோகும். இன்ஜின் நின்றால் பிரேக் பெடல் கல்லாக இறுகிக்கொள்ளும், மிதித்தாலும் இறங்காது.

தங்கராஜின் ஊர் சித்தேரி மலைமேல் இருக்கிறது. சாமை, தினை போடுகிறவர். கடுக்காயும் புளியும் பொறுக்கி இறக்குகிறவர். மகள் ஜெயபிரியா முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும்தான், இருந்ததையெல்லாம் திரட்டி இந்தக் காரை வாங்கினார். மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். நினைத்த நேரத்துக்கு வந்து நிற்க முடியாது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் வரும். ஆனால் கூப்பிடுவதற்கு போனில் சிக்னல் கோடு தெரிய வேண்டும், அதற்கு ஒரு பாறைமேல் ஏற வேண்டும், அப்புறம் அது அரூரிலிருந்து ஏறி வர வேண்டும்.

"போன வாரம் பாப்பாவ ஸ்கேன் எடுக்கக் கூட்டியாந்தங்கண்ணா," என்றார் தங்கராஜ், மெதுவான குரலில். "ரெண்டாவது கொண்டை ஊசி வளைவுல வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பிரேக் மிதிக்கறன், மிதிக்கறன், எறங்கவே மாட்டேங்குது. ஹேண்ட் பிரேக்க இழுத்து மண்ணு மேட்டுல இடிச்சு நிறுத்துனங்க. பாப்பா வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல. அந்தப் பக்கம் பள்ளம்ங்கண்ணா."

மாதவராஜ் கையிலிருந்த துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"எப்ப ஆசுபத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

"வியாழக்கெழம வந்து சேந்துரணும்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. நாள் நெருங்கிடுச்சாம்."

தங்கராஜ் கொஞ்சம் தயங்கினார். பிறகு, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார்.

"வேற ஒரு எடத்துல கேட்டங்க. அந்த சென்சாரு ஒயர கழட்டி வுட்டுட்டா போதும், வண்டி ஓடும்னு சொன்னாங்க..."

அவ்வளவுதான். அன்றைக்கு டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார். இங்கே கேட்பதற்கு நிறைய இருந்தது. "கழட்டி வுடறதா? லைட்டு எரிய எரிய வண்டிய ஓட்டறதா? அப்ப அங்கயே போ! எங்கிட்ட எதுக்கு வந்த? நான் என்ன இங்க பஞ்சர் ஒட்டறனா?" என்று ஆரம்பித்து, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், சைலன்சர் எப்படிச் சீரழியும் என்று தெருவுக்கே பாடம் நடத்தினார் மாதவராஜ். தங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கத்தி முடித்தபின் மாதவராஜ் தானே போய் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை அவர் கையில் திணித்தார். இந்த ஆளோடு பழகியவர்களுக்குத் தெரியும், மன்னிப்பு என்றால் இவ்வளவுதான் கிடைக்கும்.

உள்ளுக்குள் அவருக்கே உதறல்தான். முதல் தடவை கார் வந்தபோது அதிலிருந்த சென்சார் பழசு, கெட்டதில் ஆச்சரியமில்லை. புதுசு போட்டார். சில நாளிலேயே கார் திரும்பி வந்தது. புதுசும் செத்திருந்தது. இன்னொன்று போட்டார். இதோ, அதுவும் செத்துவிட்டது. கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். கிலுகிலுவென்றது. உள்ளே இருக்கும் பீங்கான் உடைந்தால்தான் இப்படிக் கேட்கும். இதற்கு முன் செத்ததும் இதே போலக் கிலுகிலுத்தது. மூடி வைத்த குழாய்க்குள் இருக்கும் பீங்கானை எந்தப் படுபாவி வந்து உடைக்கிறான்?

முதலில் சந்தேகம் விழுந்தது உதிரிப் பாகக் கடைக்காரர் வெங்கடாசலத்தின் மேல். உடைந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், கடையில் நாலு பேர் நிற்கும்போது மேஜைமேல் போட்டார்.

"டூப்ளிகேட் விக்கிறியா?"

"யோவ், டப்பாவப் பாரு, சீலப் பாரு. இதே லாட்டுல எடுத்த சென்சாரு ஊர் முழுக்க ஓடுது. ஒனக்கு மட்டும்தான் ஒடையுது. கைய எங்கயாச்சும் காட்டி மந்திரிச்சுக்க," என்றார் வெங்கடாசலம். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆகவே அதற்குமேல் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் வெங்கடாசலம் மூன்றாவது டப்பாவை அவர் கண்ணெதிரிலேயே பிரித்து, காதருகே ஆட்டிக் காட்டிக் கொடுத்தார். சத்தமில்லை.

பிறகு பெட்ரோல் மேல் சந்தேகம். மலைமேல் பாட்டிலில் விற்கிற பெட்ரோலை ஊற்றினாயா என்று தங்கராஜைக் குடைந்தார். "சத்தியமா பங்க்லதாங்கண்ணா" என்று அவர் சொல்லியும் டாங்கியைக் காலி செய்து பார்த்தார். சுத்தம். எலி கடித்ததா என்று ஒயரை முழுநீளத்துக்கும் தடவிப் பார்த்தார். ஒரு பல்குறிகூட இல்லை. குழாயில் எங்காவது கசிகிறதா என்று சைலன்சரின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். குமிழி வரவில்லை.

ஒன்றுதான் கண்ணை உறுத்தியது. சென்சார் இருக்கும் குழாயின் மேல் வெள்ளை வெள்ளையாக, உப்புப் பூத்தாற்போல் திட்டுகள் படிந்திருந்தன. அந்த இடத்தில் இருக்க வேண்டிய தகர மூடியைப் பழைய சொந்தக்காரன் எப்போதோ கழற்றி எறிந்திருந்தான். ஆகவே பானெட்டைத் தூக்கினால் குழாயும் சென்சாரும் எதிரிலேயே பல்லிளித்தன. ரேடியேட்டர் தண்ணீர்தான் கசிகிறது, பிடித்துவிட்டேன் என்று துள்ளினார் மாதவராஜ். காற்றழுத்தம் கொடுத்து அரை நாள் சோதித்தார். சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. ரேடியேட்டர் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. அவர் அதை ஒரு உதை உதைத்தார். கால் வலித்ததுதான் மிச்சம்.

அன்று இரவுச் சோற்றில் அவர் கோலம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அமுதவல்லி கேட்டார், "ஒரு காருக்கு எதுக்குங்க இத்தனை ரோதனை? முடியலன்னா முடியலன்னு சொல்லிட வேண்டியதுதான?"

"அந்தப் புள்ள மலையிலேர்ந்து எறங்கி வரணும்டி. பாதி வளைவுல நின்னுச்சுன்னா? நான் போட்ட சாமான நம்பித்தான வண்டியில ஏறுவா?" என்றார். குரல் உடைந்தது. உடனே அதை மறைக்க, ரசத்தில் உப்பில்லை என்று கத்தினார். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அமுதவல்லி உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தார்.

மூன்றாவது சென்சாரை மாட்டி, மொரப்பூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கிற ஸ்கேனர் கருவியின் திரையில் சென்சாரின் கோடு மேலும் கீழும் அலையாக ஓடியது. அது அப்படித்தான் ஓட வேண்டும். கெட்டால் அது தரையோடு படுத்துக்கொள்ளும். சமவெளியில் எத்தனை தூரம் ஓட்டினாலும் அலை குறையவில்லை. மலைக்குப் போனால்தான் சாகிறது. அப்படியானால் மலைக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை காலை, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு தங்கராஜின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நானும் வரேன். எறங்கும்போது நான்தான் ஓட்டுவேன். வாயத் தொறக்காத."

தங்கராஜ் வண்டியைக் கிளப்பினார்.

ஆயுசு முழுவதும் காரோடு புரண்டவருக்கு மலைப்பாதையில் தலை சுற்றும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம். வளைவுக்கு வளைவு முகம் வெளிறிக்கொண்டே போனது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் வந்தார். அலை ஓடியது. குழியில் இறங்கி ஏறியது கார், அலை ஓடியது. இரண்டாம் கியரில் இன்ஜின் முக்கியது; அப்போதும் ஓடியது. ஊர் எல்லை வந்தபோது, கல்லில் அடிபட்டுச் சென்சார் உடைகிறது என்ற கடைசிச் சந்தேகமும் செத்தது.

"வந்துட்டம்ங்கண்ணா. ஆஃப் பண்ணட்டுங்களா?"

"பண்ணாத. ஓடிட்டே இருக்கட்டும். பானெட்டத் தொறந்து பாக்கணும்," என்று சொல்லி, ஸ்கேனரை சீட்டில் வைத்துவிட்டு, புளியமரத்துக்குப் பின்னால் ஓடினார் மாதவராஜ். காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்.

திரும்பினார். பானெட் திறந்திருந்தது. தங்கராஜின் மனைவி ராமக்கா ஈயக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, கொதிக்கிற குழாயின் மேல் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவி முகத்தில் அடிக்க, முகத்தைக்கூடத் திருப்பாமல், குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு ஊற்றினார். பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருந்த விதத்திலேயே தெரிந்தது, இது அந்தக் கைக்குப் புதிதில்லை.

மாதவராஜ் ஓடிப்போய் சீட்டிலிருந்த ஸ்கேனரைப் பார்த்தார். அலை இல்லை. கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

அதன்பிறகு அவர் கத்திய கத்தலைச் சித்தேரி மலை அதற்குமுன் கேட்டிருக்காது. "ஏம்மா! என்னாம்மா பண்ற நீ! நெருப்பா கொதிக்கற பீங்கான்ல பச்சத் தண்ணிய ஊத்தினா ஒடையாம என்னாம்மா பண்ணும்? ரெண்ட ஒடைச்ச, இப்ப மூணாவதையும் ஒடைச்சிட்டியே! நான் கடைக்காரனத் திருடன்னேன், ஒம் புருஷனப் பொய்யன்னேன், ரேடியேட்டர ஒதச்சு என் கால் வீங்கிப் போச்சு! எதுக்கும்மா? எதுக்கு ஊத்துன?" கைகளை மேலே தூக்கினார், இடுப்பில் வைத்தார், மறுபடி தலையில் அடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். தங்கராஜ் பேயறைந்த மாதிரி நின்றார். இத்தனை நாளும் ராமக்கா ஊற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அவரும். அதைப் போய்ச் சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ராமக்கா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். அழவில்லை. முகம்தான் சுருங்கிப்போயிருந்தது.

"மலையேறி வந்தவுங்களுக்குத் தண்ணி ஊத்தாம இருப்பாங்களாங்கண்ணா?" என்றார்.

குடத்தை இறக்கித் தரையில் வைத்தார்.

"பாப்பா என் வயித்துல இருக்கயில எனக்கு ரொம்ப முடியாமப் போச்சுங்க. அப்ப ரோடு ஏது? நாலு பேரு தூளி கட்டி என்னையத் தூக்கிட்டு எறங்குனாங்க. பொழைச்சு, புள்ளையோட திரும்பவும் அவுங்க தோள்லதான் ஏறி வந்தேன். வாசப்படில நிறுத்தி, அந்த நாலு பேரு காலுக்கும் தண்ணி ஊத்தினப்புறம்தான் என்னைய வூட்டுக்குள்ள வுட்டாங்க. எங்கள்ல சொமந்து ஏறி வந்தவுங்களுக்கு அப்படித்தாங்க செய்யணும். இப்ப எம் பொண்ணச் சொமந்து போயி சொமந்து வர்றது இதுதான? இதுக்குக் கால் எதுன்னு எனக்கு என்னாங்க தெரியும்? அவுங்களுக்குக் கால் கொதிச்சுது. இதுக்கு இங்கதான் கொதிக்குது. கொதிக்கற எடத்துல ஊத்துனேன்."

மாதவராஜுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, கோபம் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. இறக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபத்தைப்போல எரிச்சலூட்டுவது வேறொன்றுமில்லை.

அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கத்தி முடிச்சிட்டீங்களா, மாமா?"

ஜெயபிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி முழுக்க வியர்வை.

"காலையிலேர்ந்தே வலிக்குது. நீங்க முடிக்கட்டும்னுதான் பாத்துட்டிருந்தேன். இப்ப முடியல."

கார் பின்னால் கரும்புகையைக் கக்க ஆரம்பித்திருந்தது. இன்ஜின் குலுங்கியது, இருமியது, நின்றுபோனது. உடைந்த மூக்கு மறுபடியும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டது. கையில் வேறு சென்சார் இல்லை. மலைமேல் வெங்கடாசலத்தின் கடையும் இல்லை. ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு பாறையை நோக்கி ஓடினான். அவன் ஏறி, கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை இந்தப் பெண் தாங்குவாளா?

மாதவராஜ் பானெட்டுக்குள் தலையை விட்டார். சென்சாரின் ஒயர் கண்ணெதிரில் ஈரமாகத் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கராஜும் அதையேதான் பார்த்தார். ஆனால் டீக்கடை வரைக்கும் கேட்ட அந்தத் திட்டு ஞாபகம் இருந்ததோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை.

"பாக்காதப்பா அப்படி. தெரியுது," என்று முனகிவிட்டு, மாதவராஜ் ஒயரின் பிடியை அழுத்திக் கழற்றினார்.

கழற்றிவிட்டால் அந்த மூக்கு பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. சேதியே வராதபோது, கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ஒரு பொதுக்கணக்கில் பெட்ரோல் விடும். கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் மூழ்கடிக்காது. ஸ்கேனரில் பழைய கணக்கை அழித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு தடவை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குலுக்கல் அடங்கியது. புகை மெல்ல வெளுத்தது. மஞ்சள் விளக்கு மட்டும் அவர் முகத்துக்கு நேரே பளீரென்று எரிந்தது.

"எரி. எரிஞ்சு தொலை," என்றார் அதைப் பார்த்து.

இறங்கும்போது அவருக்குத் தலை சுற்றவில்லை. சுற்ற நேரமில்லை. பின்சீட்டில் ராமக்காவின் மடியில் தலை வைத்து ஜெயபிரியா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவு வரும்போதும் மாதவராஜ் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார், மூச்சையும் பிடித்துக்கொள்வார். நின்றுவிடாதே, நின்றுவிடாதே. இன்ஜின் உர்ரென்று உறுமிக்கொண்டே இருக்கும். பிரேக் இறங்கும். வளைவு திரும்பும். மூச்சை விடுவார். போன வாரம் தங்கராஜ் இடித்து நிறுத்திய மண்மேட்டில் பம்பர் கிழித்த தடம் அப்படியே இருந்தது. அதைத் தாண்டும்போதும் இன்ஜின் பேசிக்கொண்டே வந்தது. தன் ஆயுசில் கேட்ட சத்தங்களிலேயே அதுதான் நல்ல சத்தம் என்று நினைத்தார் மாதவராஜ்.

அரூர் ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். மாதவராஜ் வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். வெயில் சாயும் நேரத்தில் தங்கராஜ் வெளியே வந்தார். விரலை உயர்த்தி வானத்தைக் காட்டினார், பிறகு காரைக் காட்டினார், பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"என்னாப்பா? சொல்லித் தொலையேன்!"

"பொண்ணுங்கண்ணா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"அதை மொதல்ல சொல்றதுக்கென்ன!" என்று சீறிவிட்டு, மாதவராஜ் அவசரமாகப் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. கண்ணைத் துடைக்க வசதியான இடம் என்பதுதான் காரணம்.

தலையை வெளியே எடுத்தபோது பக்கத்தில் ராமக்கா நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக் குழாயில் பிடித்த தண்ணீர், பிளாஸ்டிக் குடம் நிறைய. திறந்த பானெட்டைப் பார்க்கிறார், குடத்தைப் பார்க்கிறார், மாதவராஜின் முகத்தைப் பார்க்கிறார். ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

"எங்கங்கண்ணா ஊத்தறது?" என்றார் பயந்த குரலில். "நீங்களே சொல்லிடுங்க. சொமந்து வந்துச்சு. சும்மா வுடக்கூடாதுங்க."

மாதவராஜ் ஒரு பெருமூச்சு விட்டார். பானெட்டைச் சாத்தினார். நன்றாகச் சாத்திவிட்டதா என்று அழுத்தியும் பார்த்துக்கொண்டார்.

"டயர்ல ஊத்தும்மா. அதான் அதுக்குக் காலு. நாலுக்கும் ஊத்து."

ராமக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, முன் டயருக்கு ஊற்றினார். மண் கரைந்து ஓடியது. சுற்றி வந்து மற்ற மூன்றுக்கும் ஊற்றினார். நாலு பேர், நாலு கால். எல்லாம் முடிந்தது என்று மாதவராஜ் நினைத்தபோது ராமக்கா டிக்கிப் பக்கம் நின்று யோசித்தார்.

"இதுக்குள்ள ஒண்ணு இருக்குதுங்களே. அதுவும் கூடத்தான வந்துச்சு?"

"அது ஸ்டெப்னிம்மா! அது சும்மா படுத்துக்கிட்டு வந்துச்சு!"

ராமக்கா நகரவில்லை. குடத்தோடு நின்றார். மாதவராஜ் வானத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார், அடித்துக்கொள்ளாமல் இறக்கினார். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, தரையில் உருட்டி நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்து."

ஊற்றினார். குடத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ராமக்கா அதோடு அவர் முன்னால் வந்து நின்று, அவருடைய கிரீஸ் படிந்த செருப்புகளைக் காட்டினார்.

"கழட்டுங்கண்ணா."

"எனக்கெதுக்கும்மா? நான் ஒக்காந்துக்கிட்டுதான வந்தேன்?"

"கழட்டுங்க."

மாதவராஜ் செருப்பைக் கழற்றினார். ஒரு கையில் ஸ்டெப்னியைப் பிடித்தபடியே, ரேடியேட்டரை உதைத்து வீங்கிய அந்த வலது காலை முதலில் நீட்டினார். தண்ணீர் சில்லென்று இருந்தது.